கட்டம் என்றால் ஒன்றுமில்லை

பெம்பானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு முன்பக்கம்தான் தனித்தனி. பின்பக்கத்துச் சமையல்கட்டுகள் எல்லாம் ஒரே சந்துப் பக்கம் பார்த்து நிற்கின்றன. எந்த வீட்டில் மீன் பொரிகிறது, எந்த வீட்டில் சண்டை பொரிகிறது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மத்தியான வெயிலில் மல்லியும் சோம்பும் வறுபடும் மணம் வந்தால் அது ரம்லா. எனக்குப் பக்கத்து வீடு.

என் பேர் பெரியநாயகி. ஒரு காலத்தில் தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கிய கை இது. இப்போது ரம்லா வீட்டு மல்லியில் கல் பொறுக்குகிறது. எனக்கு வாய் நீளம் என்று இந்த வரிசையில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், வாய் இருந்ததால்தான் நான் இத்தனை நாள் பிழைத்தேன்.

ரம்லாவின் குர்மா மசாலாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மல்லி, சோம்பு, சீரகம், வெள்ளை மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுப்பாள். சேர்த்துப் போட்டு வறுத்தால் சீரகம் கருகும், மல்லி பச்சையாக நிற்கும் என்பாள். அடுப்பு சிறுதீயில்தான் எரிய வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். அவள் புருஷன் ஹனீஃப் பாய்க்கு ஜாசினில் கைலிக் கடை, சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கைலி வியாபாரம். கைலிகளுக்குப் பக்கத்தில் ரம்லாவின் தூளையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பார். தூள் பிரபலமாகிவிட்டது. வாங்குகிறவர்கள் அதற்கு 'பாய் மசாலா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாய்க்குச் சோம்புக்கும் சீரகத்துக்குமே வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பேர் பாய் மசாலா. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரியும். ரம்லா சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் மலாக்கா டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நோன்பு மாதத்துக்கு இந்தத் தூளை அலமாரியில் வைக்கச் சம்மதித்தார்கள். ஆனால் வெறும் பை கூடாது, பேரும் படமும் போட்ட லேபிள் வேண்டும் என்றார்கள். அன்றைக்குத் தூள் சலித்துக்கொண்டே ரம்லா என் காதோடு சொன்னாள்.

"நாயகிக்கா, சிரிக்கக்கூடாது. ரம்லா குர்மா மசாலான்னு பேரு போட சொல்லிட்டேன். படத்துலயும் நான் இருக்கணும்னு ஆசையா இருக்கு. அவரும் இருக்கட்டும், நானும் இருக்கணும்."

"இதுல சிரிக்க என்னா இருக்கு? நீ இல்லாம அதுல என்னா இருக்கு?" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவள் அப்படி வெட்கப்பட்டதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படம் எடுத்தது நான்தான். பாயின் கைப்பேசியில். அடுப்பில் பெரிய சட்டியில் குர்மா கொதித்துக்கொண்டிருந்தது. அடி பிடித்துவிடும் என்று ரம்லா கரண்டியை விடவில்லை. பாய் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"பாய், கொஞ்சம் தள்ளுங்க. ரம்லாவ மறைக்கிறீங்க."

"பாக்கெட்டு தெரியணும்லக்கா?"

"பாக்கெட்டு தெரியுது, பாய். பொண்டாட்டிதான் தெரியல."

தள்ளினார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மறைத்தார். ரம்லா எட்டிப் பார்த்தாள், நான் பட்டனை அழுத்தினேன். பின்னால் கேஸ் தோங் உருளை, துடைப்பக்கட்டை, கொடியில் காய்ந்த என் நைட்டி எல்லாம் சேர்ந்து விழுந்துவிட்டன.

ஜாசினில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் மலர்விழிதான் லேபிள் செய்கிறவள். கெட்டிக்காரி. அவள் பாயிடம் சொல்லியிருந்தாள். "அங்கிள், போட்டோவ அப்படியே அனுப்புங்க, பேக்ரவுண்ட நான் வெட்டி எடுத்துக்கிறேன். லேபிள் மஞ்ச கலரு, அதுமேல படம் ட்ரான்ஸ்பரண்டா உக்காரணும்." பாய்க்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. அவராகவே கைப்பேசியில் ஏதோ ஓர் ஆப் இறக்கி, ஒரு தட்டுத் தட்டினார். கேஸ் தோங் போனது, துடைப்பக்கட்டை போனது, என் நைட்டியும் போனது. பாயும் பாக்கெட்டும் மட்டும் நின்றார்கள். சுற்றிலும் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம்.

கட்டத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கட்டம் போட்ட கைலி விற்கிற ஆள். பெலிகாட் கைலியில் எந்தக் கட்டம் கிழவர்களுக்கு, எந்தக் கட்டம் மாப்பிள்ளைக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கைப்பேசியே தன் வியாபாரத்தைப் புரிந்துகொண்டு கைலித்துணி விரித்துக் கொடுத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். அந்தத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்சாப்பில் மலர்விழிக்குத் தட்டிவிட்டார். அவள் பாவம், கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், பின்னால கட்டம் இருக்கே, அது வேணுமா?"

"இருக்கட்டும்மா. கட்டம் போட்டுத்தான் நான் பொழைக்கிறேன். அதான் அழகு."

கைலிக்காரர், கட்டம் கேட்கிறார், நமக்கென்ன என்று அவளும் அச்சடித்துவிட்டாள்.

லேபிள் கட்டு வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். ரம்லா வாணலி மல்லியைச் சிறுதீயில் விட்டு, கையைக் கழுவி, துடைத்து, திரும்பவும் துடைத்துவிட்டு ஒன்றை உரித்து எடுத்தாள். நல்ல மஞ்சள். பெரிய எழுத்தில் 'ரம்லா குர்மா மசாலா'. கீழே சாம்பல் கட்டத்துக்கு நடுவில் ஹனீஃப் பாய் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி? புதுக் கட்டம். கடையில கூட இந்த டிசைன் இல்ல," என்றார் பாய்.

ரம்லா லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் பசைதான்.

"நான் எங்கங்க?"

"ம்?"

"படத்துல நான் எங்க?"

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் பார்த்தார். "அலமாக்! பேக்ரவுண்ட எடுன்னு சொன்னேன். போனு உன்னையும் சேத்து எடுத்துருச்சு போல."

"நான் பேக்ரவுண்டா?"

"நான் சொல்லல புள்ள. போனு சொல்லுது."

ரம்லா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. நேராக உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வாணலியில் பாதி வறுபட்ட மல்லி அப்படியே கிடந்தது. வாணலியில் இருந்த கரண்டியை எடுத்து வந்து பாய் பக்கத்தில் வைத்தாள்.

"பாய் மசாலாதானே? பாய் படமே போட்டாச்சு. பாயே வறுக்கட்டும்."

சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டாள். சூப்பர் மார்க்கெட்டுக்கு அடுத்த வாரம் தூள் போக வேண்டும். அரைக்க வேண்டிய மல்லி மூட்டையோடு கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் அடுப்பை நடுவில் அணைத்ததை நான் பார்த்ததே இல்லை.

பாய் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சாத்தான் தப்பா? என் நைட்டி போச்சு, சரி. தொடப்பக்கட்ட போச்சு, சரி. அதுங்களோட பொண்டாட்டியும் போனா ஒரு மனுஷனுக்குத் தெரிய வேணாமா? மூஞ்சியப் பாருங்க, மண்ணு மாதிரி நிக்கிறீங்க. வேன எடுங்க. மலர்விழிகிட்ட போவோம்."

நான் இப்படித்தான் பேசுவேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவரிடம் இருக்கும் நல்ல குணம். உடனே வேனை ஜாசினுக்கு விட்டார். இரண்டு பக்கமும் செம்பனை இருட்டிக்கொண்டு நின்றது. மழை வரும்போல இருந்தது.

மலர்விழி எங்களை உட்காரவைத்து ஐஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள்! அந்தக் கட்டம் துணி இல்ல. இங்க ஒன்னுமே இல்லன்னு காட்டுற அடையாளம்."

"ஒன்னும் இல்லாததுக்கு எதுக்கும்மா கட்டம்?"

"வெள்ளையா காட்டுனா வெள்ளக் கலருன்னு நெனச்சுக்குவோம்ல? அதனாலதான் கட்டம் போட்டுக் காட்டுது. நீங்க படத்த ஒழுங்கா ஸேவ் பண்ணி அனுப்பியிருந்தா கட்டம் வந்திருக்காது, என் மஞ்சக் கலருதான் தெரிஞ்சிருக்கும். நீங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டீங்க. கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டம் நெசக் கட்டமா ஆயிருச்சு. நானும் கேட்டேனே, கட்டம் வேணுமான்னு!"

"நீ கேட்டேம்மா. நான்தான் அழகுன்னு சொன்னேன்." பாய் தலையைத் தொங்கப்போட்டார்.

"ஸேவ் பண்றப்ப பிஎன்ஜின்னு இருக்கணும், அங்கிள். ஜேபிஜில வச்சீங்கன்னா காலி எடத்துல வெள்ளைய அடச்சிரும். அதுக்குக் காலின்னா என்னான்னே தெரியாது."

"அப்ப அந்த ஜேபிஜி எதுக்குத்தான் இருக்கு?" என்றேன் நான். சும்மா இருக்க முடியுமா?

"சாதா போட்டோவுக்கு அது போதும், ஆண்டி. ஃபைல் சின்னதா இருக்கும், சீக்கிரம் போகும். ஆனா தெறந்து மாத்தி மாத்தி ஸேவ் பண்ணா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும்."

"தொவைக்கத் தொவைக்கச் சாயம் போற கைலி," என்றார் பாய்.

"அதேதான்! இன்னொன்னு, வாட்சாப்ல போட்டோவா அனுப்பாதீங்க. அது நசுக்கிரும், பிஎன்ஜியக் கூட ஜேபிஜியா மாத்திரும். டாக்குமெண்ட்னு போட்டு அனுப்புனா அப்படியே வரும். கடைசியில முழு லேபிளையும் நான் பிடிஎஃப்ல வச்சு அடிப்பேன். அப்பத்தான் எழுத்து ஓரம் கூர்மையா நிக்கும். இப்ப நாயகி ஆண்டி எடுத்த ஒரிஜினல் போட்டோ இருக்கா?"

நல்லவேளை, இருந்தது. பாய் அவள் சொன்ன மாதிரியே டாக்குமெண்டாக அனுப்பினார். அது அவளுடைய பெரிய திரையில் விரிந்தது.

கைப்பேசியில் பார்த்தது வேறு, இது வேறு. பாயின் தோளுக்குப் பின்னால் ரம்லா முகம் நன்றாகத் தெரிந்தது. கரண்டியைப் பிடித்தபடி, மறைக்கிற புருஷனுக்கு மேலாகத் தெரிய வேண்டுமென்று நுனிக்காலில் எம்பி நின்றுகொண்டிருந்தாள். சட்டியிலிருந்து ஆவி அவள் கன்னத்தருகே ஏறிக்கொண்டிருந்தது.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"பெருநாள் தூடோங் போட்டுருக்கா," என்றார், அவள் தலை முக்காட்டைக் காட்டி.

"இப்பத்தான் தெரியுதா?" என்றேன்.

"அடுப்படியில நிக்கறதுக்கு அத எடுத்துப் போட்டுருக்கா, அக்கா. படத்துக்காகப் போட்டுருக்கா."

பிறகு மலர்விழி பக்கம் திரும்பினார். "மலரு, என்னைய எடுத்துரு. அவள மட்டும் வையி."

"எடுக்கலாம். ஆனா பாருங்க." அவள் பாயைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். தலை, தோள், பாக்கெட், கைலி மடிப்பு எல்லாவற்றையும் சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டினாள். பாய் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் அவர் அளவுக்கே கட்டம் கட்டமாக நின்றது. ரம்லாவுக்கு முகம், ஒரு தோள், ஒரு கை. மற்றதெல்லாம் கட்டம்.

"மீதி எங்கம்மா?"

"மீதி இல்ல, அங்கிள். நீங்க முன்னால நின்னீங்கல்ல? நீங்க மறைச்ச எடத்துல அவங்க படத்துல விழவே இல்ல. உங்கள எடுத்தாலும் அவங்க வரமாட்டாங்க. நானா ஏதாச்சும் வரஞ்சா அது ரம்லா ஆண்டி ஆகாது."

ஹனீஃப் பாய் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை டிசைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"புதுசா எடுக்கணும்," என்றாள் மலர்விழி. "முன்னால யாரும் நிக்கக்கூடாது. ஆவி வேணும், அது இருந்தாத்தான் சுடச்சுட இருக்கிற மாதிரி தெரியும். ஆவிய வெட்டுறது சூசா, ரொம்பக் கஷ்டம், ஆண்டி, அது பாதி தெரியும், பாதி தெரியாது. அந்தப் பாதியையும் பிஎன்ஜி அப்படியே வச்சிருக்கும். ஆனா பின்னால கருப்பு மாதிரி ஒரு துணி கட்டணும், அப்பத்தான் ஆவி தனியாத் தெரியும். ப்ளெயின் துணி, அங்கிள். கட்டம் வேணாம்."

பாயின் கைலிக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். அடுக்கு அடுக்காகக் கைலி. பச்சைக் கட்டம், ஊதாக் கட்டம், கட்டத்துக்குள் கட்டம். மனுஷன் ஏணி போட்டு ஏறி மேல்தட்டு வரைக்கும் புரட்டினார். ஒரு முழம் கட்டமில்லாத துணி அந்தக் கடையில் இல்லை. வியாபாரமே அதுதானே, வேறு என்ன இருக்கும்? கடைசியில் என் வீட்டு முன்னறையில் தொங்கும் கருநீலத் திரைச்சீலையைக் கழற்றித் தருவதாக நான்தான் சொன்னேன்.

வீடு திரும்பும்போது நல்ல மழை. ரம்லா முன்கட்டில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பாய் நனைந்த சட்டையோடு அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் போய்விடலாமா என்று பார்த்தேன். மழை விடவில்லை, எனக்கும் போக மனமில்லை.

"ரம்லா, இன்னொரு தடவ படம் எடுக்கணும். உன்ன மட்டும்."

"வேணாங்க. அடிச்சது அடிச்சாச்சு. அதையே ஒட்டி அனுப்புங்க."

"அத ஒட்ட மாட்டேன்."

"போனு என்னைய பேக்ரவுண்டுன்னு நெனச்சதுக்கு நான் வருத்தப்படலங்க. அதுக்கு என்னா தெரியும்? நீங்க அத பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லி, அடிக்கச் சொல்லிட்டு, சாயங்காலம் வந்து என் கையால சோறு வாங்கித் தின்னீங்க. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

பாய் போனைக் குறை சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

"போன் மேல தப்பில்ல," என்றார். "அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். என் மூஞ்சி நல்லா விழுந்துருக்கான்னு பாத்தேன். கட்டத்தப் பாத்தேன். உன்னைய நான் தேடல. இன்னைக்கு மலரு கடையில பெரிசா போட்டுக் காட்டுச்சு. பெருநாள் தூடோங் போட்டுக்கிட்டு நுனிக்கால்ல நிக்கிற. எனக்கு எங்கனா போயி முட்டிக்கலாம் போல இருந்துச்சு, புள்ள."

ரம்லா கையில் இருந்த சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

"குர்மாவுக்கு வெங்காயம் யாரு உரிக்கிறது?"

"நான் உரிக்கிறேன்."

"கண்ணு எரியுதுன்னு எந்திரிச்சுப் போகக்கூடாது."

"போகல."

"இஞ்சியும்."

"இஞ்சியும் லா!" என்றார் பாய். ரம்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன், அழுகை இல்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வாணலியில் கிடந்த பழைய மல்லியைக் கொட்டிவிட்டு ரம்லா புதிதாக வறுத்தாள். பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெங்காயம் முழுவதையும் உரித்தார். ஒருநாள் கூத்தாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தது. ஆட்டிறைச்சி வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சட்டி தளதளவென்று வந்தபோது ரம்லா உள்ளே போய்த் தூடோங் கட்டிக்கொண்டு வந்தாள். திரைச்சீலையைக் கட்ட அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. பாய் முக்காலி போட்டு ஏறி, ரம்லாவுக்குப் பின்னால் நின்று, சீலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆள் மறைந்துவிட்டார். சீலைக்குக் கீழே முக்காலிக் கால் மட்டும் தெரிந்தது.

"அக்கா, சீக்கிரம் எடுங்க. கை வலிக்குது."

"பேக்ரவுண்டு பேசக்கூடாது," என்றாள் ரம்லா.

எனக்கு வந்த சிரிப்பில் முதல் படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவதும் போனது, சீலை குலுங்கியதால். சீலைக்குப் பின்னாலிருந்து பாயும் சிரித்தார்.

"இப்ப எடுங்கக்கா, ஆவி நல்லா வருது. ஆறிட்டா போச்சு." ரம்லா கரண்டியைத் தூக்கினாள். நுனிக்காலில் நிற்கவில்லை. இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, நேராகப் பார்த்தாள். நான் அழுத்தினேன்.

பாய் டாக்குமெண்டாக அனுப்பினார். நாங்கள் சோறு போட்டு உட்கார்ந்த நேரத்தில் மலர்விழி பிஎன்ஜி படத்தை மஞ்சள் லேபிளில் வைத்து அனுப்பிவிட்டு, கூடவே கூப்பிட்டாள். ரம்லா கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். மஞ்சளுக்கு நடுவில் அவள், அவள் சட்டி, அவள் கரண்டி. கன்னத்துப் பக்கம் ஆவி லேசாக ஏறியது, ஆவிக்குள்ளே லேபிளின் மஞ்சள் தெரிந்தது. ரம்லா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆண்டி, நல்லாருக்கா?" என்றாள் மலர்விழி.

"நல்லாருக்கும்மா. நான்தானான்னு பாக்கறேன்."

"துணிய வெட்டி எடுத்துட்டேன். மேல ரெண்டு பக்கமும் அங்கிள் விரல் மட்டும் அப்படியே நிக்குது பாருங்க, சீலையப் பிடிச்சது. அது கூட அழகாத்தான் இருக்கு. விட்டுறவா, எடுத்துறவா?"

பார்த்தோம். ஆமாம், ரம்லாவின் தலைக்கு மேலே அந்தப் பக்கம் நாலு விரல், இந்தப் பக்கம் நாலு விரல். எனக்கு இருந்தால் என்ன என்றுதான் தோன்றியது. பாய் வாயில் சோற்றை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரலாவது இருக்கட்டும் என்று அவர் கண் கெஞ்சியது.

ரம்லா பாயின் தட்டில் இன்னொரு கரண்டி குர்மாவை ஊற்றினாள். பிறகு கைப்பேசிப் பக்கம் குனிந்து சொன்னாள்.

"எடுத்துரும்மா. அவருதான் வீட்டுல இருக்காரே. பாக்கெட்டுல நான் மட்டும் இருக்கேன்."